நட்சத்திர மீன்களைக் கொன்றது புகுஷிமா கதிர்வீச்சா?

வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் 2013 முதல் நட்சத்திர மீன்கள் கைகள் கழன்று கூழாகிச் செத்ததற்கு, 2011 புகுஷிமா அணு உலை விபத்துதான் காரணம் என்று ஒரு தகவல் சுற்றுகிறது. அது தவறு.

இது ஒரு தொற்றுநோய். இதற்குக் காரணம் விப்ரியோ பெக்டெனிசிடா என்ற பாக்டீரியா என்று 2025-ல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நோயுற்ற மீனின் உடல்திரவத்தைச் செலுத்தியதும் நல்ல மீன்கள் நோயுற்றன. அதையே சூடாக்கிச் செலுத்தியபோது ஒன்றும் ஆகவில்லை. கதிர்வீச்சாக இருந்தால் சூடாக்கியதும் போய்விடுமா? தவிர, இதேபோன்ற சாவுகள் 1970களிலேயே பதிவாகியுள்ளன.

சரி, காரணத்தைவிட என்னை அதிகம் உலுக்குவது அப்புறம் நடந்ததுதான். இருபதுக்கும் மேற்பட்ட கைகளோடு ஒரு மீட்டர் அகலம்வரை வளரும் சூரியகாந்தி நட்சத்திர மீன், உடல் முழுக்க முட்கள் கொண்ட உருண்டையான கடல் உயிரினங்களான கடல் முள்ளெலிகளைத் தின்னும். அது மறைந்ததும் முள்ளெலிகள் பெருகி, கெல்ப் எனும் கடற்பாசிக் காடுகளை மேய்ந்தன. கடல் வெப்ப அலையும் சேர்ந்துகொள்ள, வட கலிஃபோர்னியாவில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் கெல்ப் அழிந்தது. கெல்ப்பை நம்பி வாழ்ந்த அபலோன் நத்தைகள் பட்டினியால் செத்தன. 2018-ல் அங்கே அபலோன் பிடிப்பதையே நிறுத்திவிட்டார்கள்.