நாலு கோர்லயே பத்து வருஷம் நம்மள உக்கார வச்சாங்க

புதுசா பிசி அசெம்பிள் பண்றவங்ககிட்ட பிராசஸர் (கம்ப்யூட்டரோட மூளை மாதிரியான சிப்) ஏஎம்டி கம்பெனியோடத எடுங்கன்னு சொன்னா "ஐயோ அது சூடாகுமாமே, இன்டெல்லே போட்ருவோம்"னு இன்னமும் சொல்றாங்க. அவங்களுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

2007 ஆரம்பத்துல இன்டெல்லோட கோர் 2 குவாட் க்யூ6600 வந்துச்சு, நாலு கோர், அதாவது வேலைய பிரிச்சு செய்யுற நாலு யூனிட். 2017 ஜனவரில ஐ7 7700கே வந்துச்சு, அதுலயும் அதே நாலு கோர்தான். அப்ப இன்டெல்ல எட்டு கோர் வேணும்னா ஆயிரம் டாலருக்கு மேல எண்ணி வைக்கணும். இதுல ஏஎம்டி மேலயும் தப்பு இருக்கு, 2011ல புல்டோசர்னு ஒரு சிப்ப இறக்கி மொத்தமா சொதப்புனாங்க, எதிர்ல ஆளே இல்லன்னா இன்டெல் எதுக்கு மெனக்கெடப் போறான்?

2017 மார்ச்ல ஏஎம்டியோட ரைசன் 1800எக்ஸ் வந்துச்சு. எட்டு கோர், 499 டாலர். அதே வருஷம் அக்டோபர்ல இன்டெல் ஆறு கோர் 8700கேவ இறக்கிட்டாங்க. அது ஏற்கனவே பிளான்ல இருந்ததுதான்னு சிலர் சொல்வாங்க, இருக்கட்டும், ஆனா முந்துன வருஷ மதர்போர்டு அதுக்கு செட் ஆகாது, சிப்ப சொருகுற சாக்கெட் அதே 1151தான், இருந்தும் புது போர்டு வாங்கணும். ஏஎம்டியோட ஏஎம்4 சாக்கெட்ல பாருங்க, 2017ல வாங்குன நிறைய போர்டுல பயாஸ் (போர்டுக்குள்ள இருக்குற அடிப்படை சாஃப்ட்வேர்) மட்டும் அப்டேட் பண்ணிட்டு 2022ல வந்த 5800எக்ஸ்3டியவே மாட்டலாம்.

இந்தப் போட்டி தானா வந்ததும் இல்ல. 1981ல ஐபிஎம் தன்னோட பிசில இன்டெல்லோட 8088 சிப்ப போட்டப்ப ஒரே கம்பெனிய நம்பி இருக்க முடியாது, இன்னொருத்தரும் இத செஞ்சு தரணும்னு கறாரா நின்னாங்க, அதனாலதான் 1982ல இன்டெல் ஏஎம்டியோட ஒப்பந்தம் போட்டாங்க. அடுத்து 386 சிப் வந்ததும் இன்டெல் அதோட டிசைன தர மாட்டோம்னு கைய விரிச்சுட்டாங்க. ஏஎம்டி கோர்ட்டு கேஸுன்னு அலைஞ்சுகிட்டே தானே ஒண்ண செஞ்சு 1991ல விட்டுச்சு, இன்டெல்லோட 386 33 மெகாஹெர்ட்ஸோட நின்னப்ப இது 40ல ஓடுச்சு.

சிப்பு 32 பிட்ல இருந்து 64 பிட்டுக்கு, அதாவது ஒரே தடவைல இன்னும் பெரிய டேட்டாவ கையாளுறதுக்கு, மாறின கதை இன்னும் முக்கியம். பழைய சாஃப்ட்வேர் எல்லாம் தட்டுத்தடுமாறி ஓடுற ஐடேனியம்ங்கிற புது வகை சிப் பக்கம் இன்டெல் எல்லாரையும் இழுத்துட்டு போகப் பாத்துச்சு. ஏஎம்டி 2003ல 8088, 386 வழியா வந்த பழைய எக்ஸ்86 டிசைனயே 64 பிட்டுக்கு நீட்டி குடுத்தாங்க, பழைய புரோகிராமும் அப்படியே ஓடுச்சு, அடுத்த வருஷமே இன்டெல்லும் அதே வழிக்கு வந்துட்டாங்க. இன்டெல் மெஷின்ல உபுண்டு (ஒரு லினக்ஸ் ஓஎஸ்) போட டவுன்லோட் பண்ற ஃபைல் பேர்ல இன்னைக்கும் ஏஎம்டி64ன்னுதான் இருக்கும், பாருங்க.

ஆனா எக்ஸ்86க்குள்ள இப்ப பெருசா ரெண்டே பேர்தான், லைசென்ஸ் இல்லாம வேற யாரும் உள்ள வர முடியாது. ரெண்டு பேர் பத்தாதுங்க. 2020ல எக்ஸ்86 இல்லாத ஆப்பிள் எம்1 சிப் வந்து ஃபேனே இல்லாத லேப்டாப்புல அந்த ஸ்பீடு காட்டினப்ப ரெண்டு பேருக்குமே வேர்த்துச்சு. குவால்காம் 2024ல ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப்போட விண்டோஸ் பக்கம் வந்திருக்கு, அதுவும் எக்ஸ்86 இல்லங்கறதால பழைய பிரிண்டர் டிரைவர் சிலது அதுல ஓடாது, கேம்லயும் பிரச்சன இருக்கு, ஆபீஸ் வேலைக்கு வாங்குறவங்க மொதல்ல தன்னோட சாஃப்ட்வேர் அதுல ஓடுமான்னு பாத்துட்டு வாங்குங்க. ஓடும்னா தாராளமா எடுங்க, மூணாவது ஆள் நிக்கணும்.