நகரும் கற்களும் காந்தவிசையும்: ஒரு திருத்தம்

கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் உள்ள ரேஸ்டிராக் பிளாயா என்னும் வறண்ட ஏரிப்படுகையில் கற்கள் நகர்வதற்கு நிலத்தடிக் காந்தவிசையே காரணம் என்றும், அந்த நகர்வை எவரும் நேரில் கண்டதில்லை என்றும் சொல்லப்படுவதுண்டு. இரண்டும் தவறு. அக்கற்களில் பெரும்பாலானவை அருகிலுள்ள குன்றிலிருந்து விழுந்த, சுண்ணாம்புக்கல்லை ஒத்த டோலமைட் என்னும் பாறையின் துண்டுகள். டோலமைட்டைக் காந்தம் ஈர்ப்பதில்லை.

ஆய்வாளர்கள் ரிச்சர்ட் நோரிஸும் ஜேம்ஸ் நோரிஸும் 2013 டிசம்பரில் கற்கள் நகர்வதை நேரிலேயே கண்டு, அடுத்த ஆண்டு ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். அங்குள்ள கற்களில் கருவி பொருத்த மரணப் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்கா நிர்வாகம் அனுமதிக்காததால், வெளியிலிருந்து கொண்டுவந்த கற்களில் ஜிபிஎஸ் கருவிகளைப் பொருத்தி அவர்கள் காத்திருந்தார்கள் என்பது இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. குளிர்காலத்தில் படுகையில் சில சென்டிமீட்டர் உயரத்திற்குத் தேங்கும் நீர், இரவில் 3 முதல் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள பனித்தகடாக உறைந்து, முற்பகல் வெயிலில் உடையத் தொடங்கும்போது, மென்காற்று அத்தகடுகளைத் தள்ள, அவை கற்களை ஈரச் சேற்றின் மீது நிமிடத்திற்கு 2 முதல் 5 மீட்டர் வேகத்தில் நகர்த்துகின்றன. நீர் வற்றிய பின்னரே கற்கள் சேற்றில் விட்டுச்சென்ற தடங்கள் தெளிவாகப் புலப்படும். அப்போது பனியும் இருக்காது, நீரும் இருக்காது.