பார்த்து வரையச் சொல்லுங்கள்

பல்கலைக்கழக மாணவர்கள் தன்னார்வமாகப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் போய், படம் வரைய வைத்தே மூளையைப் பற்றிச் சொல்லித் தருவதைப் படித்து மனம் நிறைந்துவிட்டது. மூளையையும் நரம்புகளையும் ஆராயும் இந்தத் துறையே ஓவியத்தோடு வளர்ந்ததுதான். ஸ்பெயினின் மூளை ஆய்வாளர் சாந்தியாகோ ரமோன் இ கஹால் சிறுவயதில் ஓவியராக ஆசைப்பட்டவர். இத்தாலிய ஆய்வாளர் கோல்ஜி 1873இல் வெளியிட்ட, மூளைத் திசுவுக்கு வெள்ளி உப்பால் சாயமேற்றும் முறையில், பின்னிக் கிடக்கும் கூட்டத்தில் ஒரு சில நரம்பணுக்கள் (நரம்புச் செல்கள்) மட்டும் முழுதாகக் கறுத்துத் தெரியும். அதனால்தான் ஒரு நரம்பணுவின் கிளைகளை நுனிவரை பின்தொடர முடிந்தது. அப்படிப் பார்த்துப் பார்த்து வரைந்தே, நரம்பணுக்கள் ஒரே வலையல்ல, தனித்தனி என்றார் கஹால். கோல்ஜி ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆனாலும் 1906இல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்தே கிடைத்தது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அச்சிட்ட படத்துக்கு வண்ணம் தீட்ட வைப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். சிறுமூளையில் உள்ள புர்கின்ஜி என்ற வகை நரம்பணுவைக் காட்டி, பார்த்து வரையச் சொல்லுங்கள். விசிறிபோல் விரியும் அந்தக் கிளைகளை வரைய வரைய, "ஏன் இவ்வளவு கிளை?" என்று பிள்ளைகளே கேட்பார்கள். அந்த ஒரே நரம்பணுவுக்கு லட்சக்கணக்கில் இணைப்புகள் வந்து சேர்வதை அப்போது சொல்லுங்கள், ஆழமாகப் பதியும். அப்புறம், ஒருமுறை போன பள்ளிக்கே மறுபடியும் போங்கள்.