பாஷாண்டி வசைச்சொல்லாகப் பிறக்கவில்லை

நேற்று சதாபிஷேகப் பந்தலில் அந்தப் பெரியவர் மைக்கைப் பிடித்துப் பேசியதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். கோயிலுக்குப் போகாதவர்கள் எல்லாரும் "பாஷாண்டிகளாம்", அதாவது சமயநெறி கெட்டவர்களாம். முன்வரிசை கைதட்டியது. எனக்கு இரவு முழுக்கத் தூக்கமில்லை.

அது வசைச்சொல்லாகப் பிறக்கவில்லை. அசோகரின் 12ஆம் பாறைக் கல்வெட்டில் வரும் 'பாசண்டம்' இதே சொல்தான். அங்கே சமயப் பிரிவு என்று மட்டும்தான் பொருள். எல்லாப் பாசண்டங்களையும் மதிக்கிறேன் என்கிறார். தன் பாசண்டத்தைப் புகழ்ந்து பிறர் பாசண்டத்தைப் பழிக்காதே, நாக்கை அடக்கு என்கிறார். 'தன் பாசண்டம்'! வசையை எவராவது தனக்கே சூட்டிக்கொள்வாரா?

தமிழிலும் அது வசையாகத் தொடங்கவில்லை. சிலப்பதிகாரத்து மாலதி, மாற்றாள் குழந்தை பால் விக்கி இறந்ததும் புகாரில் கோட்டம் கோட்டமாக, அதாவது கோயில் கோயிலாக ஓடுகிறாள். வேற்கோட்டம், வச்சிரக்கோட்டம், நிக்கந்தக்கோட்டம் எல்லாம் அலைந்து கடைசியில் வரம் வேண்டிப் பாடு கிடந்தது பாசண்டச் சாத்தன் என்ற தெய்வத்தின் கோயிலில். பாசண்டம் என்றால் 96 வகைச் சமய சாத்திரம் என்கிறது பழைய உரை. ஆக, நம்மிடம் அது சாமியின் பெயர்.

"சொல்லுக்குப் பொருள் மாறும், நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' இன்று துர்நாற்றமாக மாறவில்லையா?" என்று வருவீர்கள். சரி, மாறும். ஆனால் 'நாற்றம்' என்ற சொல் யாரையும் ஊரைவிட்டுத் துரத்தவில்லை. பாஷண்டிகளை வாய்வார்த்தையாலும் உபசரிக்காதே, நகரைவிட்டு வெளியேற்று என்று மனுஸ்மிருதி எழுதிவைத்திருக்கிறது. இந்தப் பொருளைத்தான் நேற்று மைக்கில் கேட்டோம்.

"ஒரு சொல்லுக்கு இவ்வளவு கோபமா?" ஆமாம், இவ்வளவுதான். எங்கள் தாத்தா திவசத்துக்குப் பிண்டம் வைக்க மாட்டார். அன்றைக்குத் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துத் தன் கையால் சோறு போடுவார். எனக்கு ஒன்பது வயதிருக்கும். சொந்தக்காரர் ஒருவர் திண்ணையில் நின்றபடியே, "பாஷாண்டி வீட்டில் கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிச் செருப்பை மாட்டினார். சாம்பார் வாளியில் தாத்தாவின் கரண்டி அப்படியே நின்றது. அப்புறம் அடுத்த இலைக்குப் போனார். பாட்டி மட்டும் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் கோயிலுக்குப் போகிறவள். வெள்ளிக்கிழமை தவறியதில்லை. அதனால்தான் சொல்கிறேன், அந்தக் கைதட்டலில் என்னைச் சேர்க்காதீர்கள். பந்தலில் பின்வரிசையில் என் தம்பி உட்கார்ந்திருந்தான். தாத்தா மாதிரியே அவனும் பிண்டம் வைக்காதவன். சாப்பிடாமலே எழுந்து போய்விட்டான். இதுவரை போனை எடுக்கவில்லை.