படிக்கப் போனாயா, கோப்பை கழுவப் போனாயா?

மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். முடியவில்லை. அந்த வீடியோவை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், அதனால் இங்கே போடவில்லை. போட்டால் அந்தத் தம்பியின் முகம் இன்னும் நூறு பேருக்குப் போகும். வெளிநாட்டுக்குப் படிக்கப் போய், உணவகக் குசினியில் ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளையை யாரோ ஒளித்து நின்று எடுத்து, சோகப் பாட்டும் சேர்த்து விட்டிருக்கிறார்கள். கீழே நம் ஊர்ப் பெரியவர் ஒருவரின் கேள்வி: "இவர் படிக்கப் போனாரா, கோப்பை கழுவப் போனாரா?" அதற்குச் சிரிப்பு முகம் போட்டவர்களில் பதினொரு பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன். இரண்டு பேர் எனக்குப் படிப்பித்தவர்கள்.

பதில் சுலபம் ஐயா. இரண்டுக்கும்தான்.

நானும் கழுவினேன். 2021 செப்டம்பரில் மாஸ்டர்ஸ் படிக்கப் போனேன். இங்கிலாந்தின் நடுப்பக்கத்தில் ஒரு நகரம். மட்டக்களப்பில் எங்கள் ஆரையம்பதியில் கேட்டால் அதுவும் லண்டன்தான். படிப்பு நடக்கிற காலத்தில் வாரம் 20 மணித்தியாலம் வேலை செய்யலாம் என்று விசாவிலேயே இருக்கிறது. களவு இல்லை. 23 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அப்போது சட்டப்படி ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 8.91 பவுண். வாரம் 178 பவுண் வரும். அறை வாடகை போனால் மிச்சம் பஸ் காசும் பருப்பும். இன்னொன்று, அங்கே கோப்பையைக் கழுவுவது மெஷின். கையால் தேய்ப்பது சட்டியைத்தான். அடிப்பிடித்த பிரியாணிச் சட்டி என் இடுப்பளவு இருக்கும், தலையை உள்ளே விட்டுக் குனிந்தால்தான் அடி எட்டும். கேலி செய்வதென்றாலும் விஷயம் தெரிந்து செய்யுங்கள்.

"காசில்லாதவன் ஏன் போகவேண்டும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். காசோடுதான் போனேன். எனக்குச் சீதனமாக எழுத வைத்திருந்த வளவை அப்பா ஈடு வைத்தார். மட்டக்களப்பில் பொம்பிளைப் பிள்ளைக்கு வளவு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. விசாவுக்காக மாதம் 1,023 பவுண் வீதம் ஒன்பது மாதச் செலவுக் காசை 28 நாள் வங்கியில் வைத்துக் காட்டினோம். கணக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயைச் சுற்றி நின்ற டொலர், மே மாதம் 360ஐத் தொட்டது. பவுணும் கூடவே ஏறியது. படிப்புக்குக் கட்டவேண்டிய என் இரண்டாம் தவணைக் காசு அப்பாவின் கையில் ஒரு சதம் குறையாமல் இருந்தது, ரூபாயாக. நீங்கள் இங்கே காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றீர்கள், நான் அங்கே சட்டி தேய்த்தேன். அந்த வருடம் எல்லாருமே ஏதோ செய்துதான் தப்பினோம். அதில் என்னுடையது மட்டும் எப்படிச் சிரிப்பாகப் போனது?

படிப்பைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை, கவனித்தீர்களா? என் முதல் கட்டுரைக்கு 48 புள்ளி. பாஸுக்கு 50 வேண்டும். புத்தகத்தில் உள்ளதை ஒழுங்காக எழுதித்தான் கொடுத்தேன். ஓரத்தில் ஒரே ஒரு வரி: "இதில் உன் கருத்து எங்கே?" பாலர் பாடசாலையில் இருந்து அன்றுவரை என் கருத்தை யாரும் கேட்டதில்லை, நான் எங்கே போய்த் தேட? பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார்கள். கடைசிவரை வாயில் 'சேர்' என்றுதான் வந்தது. நம் வாவி மீன்பிடியைப் பற்றி 15,000 சொல்லில் ஆய்வு எழுதினேன். வேலை முடிந்து இரவு பதினொன்றரைக்கு நூலகத்துக்குப் போவேன். சவர்க்காரத்தில் வெடித்த விரல், கீபோர்டில் ஒவ்வொரு எழுத்துக்கும் எரியும். அந்த விரலை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

சரி, "வகுப்புப் பக்கமே போகாமல் வேலைக்கென்றே போகிறவர்கள் இல்லையா?" இருக்கிறார்கள். என்னோடு தங்கியிருந்தவர்களிலேயே இரண்டு பேர். பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஏஜென்சிக்காரன் கையில் மாட்டின கதைகளை இன்னொரு நாள் பேசுவோம், அந்தத் தம்பி அப்படிப்பட்டவன் என்று யார் சொன்னது? "கிழக்குப் பல்கலைக்கழகம் போதாதா?" வந்தாறுமூலையில், அதே பல்கலைக்கழகத்தில்தான் என் முதல் பட்டம். போதாது என்று நான் எப்போது சொன்னேன்? விடுங்கள்.

உண்மையில் இது கோப்பைப் பிரச்சினையே இல்லை. முப்பது வருடத்துக்கு முன் சுவிஸிலும் கனடாவிலும் கோப்பை கழுவினவர்கள் அனுப்பின காசில்தான் நம் கோயில் கோபுரங்கள் எழும்பின. உபயகாரர் பெயர் மாபிளில் வெட்டியிருக்கிறது. கும்பாபிஷேகத்தன்று அவர்களிடம் யாராவது "என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டோமா? அந்தப் பெரியவரின் மகள் வீட்டு மாடி எந்த நாட்டுக் கோப்பையில் எழும்பியது என்று நான் இங்கே எழுதமாட்டேன். எழுதமாட்டேன், அவ்வளவுதான்.

காசு வந்தால் உபயகாரர். காசு வராமல் ஒரு பட்டத்தோடு வந்து இறங்கினால்? படித்தவர்கள் இரண்டு வருடம் தங்கி வேலை தேடுகிற விசா அப்போது இருந்தது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் அதை விட்டுவிட்டு வந்தேன். வந்த கிழமையே களுவாஞ்சிகுடியில் ஒரு கலியாண வீட்டில் மாமி ஒருவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன புள்ள, பெயிலா? இல்லாட்டி அவங்களே திருப்பி அனுப்பிப்போட்டாங்களா?" அங்கே நின்றால் கோப்பை கழுவுகிறாள், இங்கே வந்தால் துரத்திவிட்டார்கள். நாங்கள் எங்கேதான் நிற்கவேண்டும் என்று யாராவது சொல்லுங்கள், போய் நிற்கிறேன்.

வளவு இன்னும் ஈட்டில்தான் இருக்கிறது. சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டு வருகிறேன். வீட்டில் சாப்பிட்டு முடித்துக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு எழும்பினால், அம்மா இன்றைக்கும் கையில் இருந்து பறித்துவிடுவார். "விடு மகள், நீ கழுவினது காணும்." ஆட்கள் வந்திருக்கிற நாளில் அதையே, அவர்களுக்குக் கேட்காமல், மெதுவாகச் சொல்வார்.