நேராகப் போக நாலு இண்டிகேட்டரும் போட வேண்டுமா?

"நால்ரோட்டில் நேராகப் போகிறவர் நாலு இண்டிகேட்டரையும் எரியவிட வேண்டும், அதுதான் ரூல்" என்று கோவைப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. அப்படி விதியே இல்லை. நேராகப் போக எந்த சிக்னலும் வேண்டாம்.

பல்லடத்தில் ஒரு சந்திப்புக்கு நாலையும் எரியவிட்டு வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்க ரோட்டில் நிற்கும் பைக்காரர் கண்ணுக்கு உங்கள் காரின் இடப்பக்க விளக்கு மட்டும்தான் தெரியும். சரி, இந்தப் பக்கம் திரும்புகிறார் என்று அவர் வண்டியை எடுப்பார். நீங்கள் நேரே வருவீர்கள். அப்புறம் நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

1939 மாடல் அமெரிக்க ப்யூக் கார்களில் மின்னும் இண்டிகேட்டர் வந்ததே, எந்தப் பக்கம் திரும்புகிறோம் என்று காட்டத்தான். நாலையும் போட்டால் அந்தச் சேதியே அழிந்துவிடுகிறது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், பனிமூட்டம் வந்தால் சிலர் இதையே செய்கிறார்கள். முன்னால் இருப்பது நிற்கும் வண்டியா, நகரும் வண்டியா என்றே பின்னால் வருகிறவருக்குப் புரியாது. ஹெட்லைட்டை டிம்மில் வைத்து, ஃபாக் லைட் இருந்தால் அதையும் போட்டு மெதுவாக ஏறினால் போதும்.

நாலையும் ஒன்றாக எரியவிடும், சிவப்பு முக்கோணம் போட்ட அந்தப் பட்டன், வண்டி பழுதாகி ஓரங்கட்டும்போதும், கயிறு கட்டி இழுத்துப் போகும்போதும்தான்.