பழம் இறங்குகிறது, பிஸ்கட் ஏறுகிறது

நேற்று கொடைக்கானல் மலையிலுள்ள தாண்டிக்குடியில் பெரியம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். சர்க்கரை நோய், வலது காலில் ஆறாத புண். பார்க்க வந்தவர்கள் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போன கிரீம் பிஸ்கட் பாக்கெட்டுகள் ஏழு. பேரப்பிள்ளைகள் எட்டாவதைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் மலைவாழைத் தார்கள் லாரிக்குக் காத்திருந்தன. வீட்டுக்கென்று ஒரு சீப்புகூட எடுத்து வைக்கவில்லை.

எனக்குப் போன்பே தீவுதான் நினைவுக்கு வந்தது. பசிபிக் கடலில், மைக்ரோனேசியாவில் இருக்கிறது. கிழங்கு, சீமைப்பலா, மீன் என்று வாழ்ந்த மக்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க நிர்வாகம் வந்தது. கப்பலில் வெள்ளை அரிசியும் சர்க்கரையும் டின் இறைச்சியும் வந்தன. பெரியவர்களுக்குச் சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு. குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ குறைபாடு. இத்தனைக்கும் கொல்லையிலேயே 'கராட்' வாழை நின்றது! அதன் தார் கீழே தொங்காது, வானம் பார்த்து நிற்கும். உரித்தால் ஆரஞ்சு நிறம். உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் அதில் நிறைந்திருக்கிறது. ஒருகாலத்தில் கைக்குழந்தைக்கு மசித்து ஊட்டிய பழம், சந்தையில்கூடக் கிடைக்காமல் போயிருந்தது.

லோயிஸ் எங்ல்பெர்கர் என்ற ஊட்டச்சத்து ஆய்வாளரும் ஊர் மக்களும் சேர்ந்து அதை மீட்டார்கள். பழத்தை ஆய்வுக்கு அனுப்பினார்கள், சுவரொட்டி ஒட்டினார்கள், தபால்தலையில் ஏற்றினார்கள். போன்பேயின் மாநில வாழை என்றே அறிவிக்க வைத்தார்கள். கராட் சந்தைக்குத் திரும்பியது.

நம்மிடம் மட்டும் என்ன குறை? இலைகளைக் குறுக்கிக் கொத்தாக்கிவிடும் முடிக்கொத்து நோய் தோட்டம் தோட்டமாக அழித்தும் தப்பி வந்த பழம் நம் மலைவாழை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு மணம் தந்த பழம். பெரியம்மாவுக்கு அதைக் கொடுங்கள் என்று சொல்லவில்லை; அதை மருத்துவர் சொல்லட்டும். பிள்ளைகளுக்காகத்தான் கேட்கிறேன்.

நோயாளியைப் பார்த்து 'வாயைக் கட்டு' என்று மட்டும் சொல்வது அநியாயம். கடையில் தொங்குவதைத்தான் ஜனங்கள் வாங்குவார்கள். அரசாங்கத்துக்கே இது எளிதில்லை. சமோவா 2007-இல் கொழுப்பு மிகுந்த வான்கோழி வால் இறைச்சியின் இறக்குமதிக்குத் தடை போட்டது. உலக வர்த்தக அமைப்பில் சேர்வதற்காக அந்தத் தடையையே விலக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

நம் பள்ளிக்கூடச் சாப்பாட்டை எந்த வர்த்தக அமைப்பும் தடுக்கப் போவதில்லை. காலை உணவுத் திட்டம் 2022-லிருந்து நடக்கிறது. மலைப் பள்ளிகளில் வாரம் இரண்டு நாளாவது அதோடு ஒரு மலைவாழைப்பழமும், நம் தோட்டத்து அவரையோ பட்டர் பீன்ஸோ போட்ட ஒரு குழம்பும் கொடுங்கள் என்று அடுத்த கிராம சபையில் மனு கொடுக்கப்போகிறேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள் கீழே சொல்லுங்கள். பெரியம்மாவைப் பார்க்க வருகிறவர்கள், தயவுசெய்து, வெறுங்கையோடு வாருங்கள்.